அக்கா தனியே போன ஹோட்டல்

அக்கா முதன்முறை அந்த ஹோட்டலுக்குப் போய் வந்தபோது எனக்கு ஒரு சோப்புக்கட்டி கொண்டுவந்து தந்தார். மெல்லிய மஞ்சள் தாளில் சுற்றி, நூலால் கட்டியிருந்தது. நாள் முழுவதும் அறை அறையாகப் போய்ச் சோப்பு வைக்கிற ஒருத்திக்குச் சோப்பைப் பரிசாகக் கொடுக்கிற மனுஷியை என்னவென்று சொல்வது? "மணந்து பார், அந்த ஊர் எலுமிச்சம்பழத்திலை செய்தது" என்றார். மணந்து பார்த்தேன். மிக நன்றாக இருந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய், அதால் முகம் கழுவ மனம் வராமல், கால்மிதி துவைக்கப் பாவித்துக் கரைத்து முடித்தேன்.

அக்கா என்றால் என் கூடப் பிறந்தவர் அல்ல. பிராங்பேர்ட் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய ஹோட்டலில் நாங்கள் இருவரும் அறை துப்புரவு செய்தோம். இருவரும் யாழ்ப்பாணம், இருவரும் எண்பதுகளில் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கி, அகதி விண்ணப்பம் எழுதி, கிடைத்த வேலையைச் செய்து மேலே வந்தவர்கள். என்னைவிட அவர் மூன்று வயது மூத்தவர். காலையில் ஒரே எஸ்-பான் ரயில், ஒரே மாடி, ஒரே தள்ளுவண்டி. கட்டிலின் அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். ஒரு விரிப்பை இரண்டு பேர் உதறிப் போடும்போது மற்றவரின் முகம் ஒரு கணம் மறைந்து பிறகு தெரியும். இருபது வருடத்துக்கு மேலாக அந்த முகத்தை அப்படிப் பார்த்திருக்கிறேன். என் கணவருடைய முகத்தைக்கூட அவ்வளவு தரம் பார்த்திருக்க மாட்டேன்.

வெற்றிலை மடிப்பு என்று ஒன்று எங்களிடம் இருந்தது. போர்வையின் மேல் மூலையை உள்ளே மடித்து, அதன்மேல் இன்னொரு மடிப்பை இறக்கி, நுனியைச் செருகிவிட்டால் கலியாணத் தட்டில் வைக்கிற வெற்றிலைச் சுருள்போல வரும். அது என் கண்டுபிடிப்பு. நேரம் போகிறது என்று மேற்பார்வைக்காரி தடுத்துவிட்டார். ஆனாலும் அறையில் புதுமணத் தம்பதி என்று தெரிந்தால், அல்லது மேசையில் பிறந்தநாள் அட்டை கண்டால், நாங்கள் அதைச் செய்துவிட்டுத்தான் கதவைச் சாத்துவோம். என் கையைவிட அக்காவின் கைக்கு அது அழகாக வந்தது. அதிலும் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் இருந்தது. அந்த எரிச்சல் அப்போது சின்னது, பகிடி பண்ணிச் சமாளிக்கக் கூடியது.

பெரிய எரிச்சல் அவர் தனியே லீவு போகத் தொடங்கியபோதுதான் வந்தது. எங்கள் ஆட்களுக்கு லீவு என்றால் கலியாணவீடு, பிள்ளை பெரியவளான சாமத்தியவீடு, செத்தவருக்குச் செய்யும் அந்தியேட்டி. லண்டனோ பாரிஸோ டொரொண்டோவோ, எங்கே போனாலும் யாரோ ஒரு மச்சானின் வீட்டு ஹாலில் விரித்துப் படுத்து, விடிய எழும்பி முப்பது பேருக்குப் புட்டு அவித்து, சேலை மாற்றிப் படம் எடுத்து, போன களைப்போடு இன்னொரு களைப்பையும் சேர்த்துக்கொண்டு வருவோம். அக்காவின் கணவர் இறந்து இரண்டு வருடத்தின் பின், பிள்ளைகளும் தங்கள் பாட்டுக்குப் போன பிறகு, அவர் ஒரு பயண முகவரின் கடைக்குள் நுழைந்து, கடலைப் பார்த்தபடி ஒரு சின்ன ஹோட்டல் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். சிசிலித் தீவில் ஒரு பழைய துறைமுக நகரம். மதில் சுற்றிய ஊர். அங்கே ஒன்பது அறைகள் மட்டும் உள்ள ஒரு கல் வீடு. சொந்தக்காரர் யாரும் அந்த ஊரில் இல்லை, கலியாணம் இல்லை, கோயில்கூட இல்லை. சும்மா இருக்கப் போனாராம். சும்மா இருக்க ஒருவர் விமானம் ஏறுவார் என்பதே எனக்கு விளங்கவில்லை.

அடுத்த வருடமும் போனார். அதற்கு அடுத்த வருடமும். ஒவ்வொரு தரமும் கைத்தொலைபேசியில் படம் காட்டுவார்: நீலக் கதவுபோட்ட சாளரம், கூரைமேல் காலைச் சாப்பாடு, வலை காயவைக்கிற படகு. வண்டியைத் தள்ளிக்கொண்டே, "நீயும் வாவன். அந்த அறையிலை ரெண்டு கட்டில் இருக்கு. ஒண்டு சும்மாதானே கிடக்குது" என்பார். "எனக்கு ஏலாது அக்கா, பெறாமகளின்ரை கலியாணம் வருது" என்பேன். எப்போதும் ஏதாவது ஒரு கலியாணம் வரும். வராவிட்டாலும் நான் வரவழைப்பேன். அவர் என்னைக் கூப்பிடுவது தன் பெருமையைக் காட்டத்தான் என்று நான் உறுதியாக நம்பினேன். போய் வந்த கிழமை அவர் முகத்தில் ஒரு தெளிவு இருக்கும். மற்றவர் போட்ட கட்டிலில் படுத்து, மற்றவர் ஊற்றிய கோப்பியைக் குடித்தவரின் தெளிவு. கட்டிலின் இந்தப் பக்கம் நின்று அந்தத் தெளிவைப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. வேறு சொல் தேடவில்லை, பொறாமைதான்.

நான்கு வருடத்துக்கு முன்பு ஒரு மதியம், வேலையாட்களின் அறையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். எங்களோடு இன்னும் இரண்டு தமிழ்ப் பெண்கள் இருந்தார்கள். அக்கா அடுத்த மாதப் பயணத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கோப்பையைப் பார்த்தபடி சொன்னேன்: "ஒவ்வொரு வருஷமும் தனியப் போறதுக்கு அங்கை என்ன, ஆரும் இருக்கினமோ?" மற்ற இருவரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு எழுந்து போனார். அந்தச் சொல் அந்த அறையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அது கோயிலுக்குப் போயிற்று, அங்கிருந்து டோர்ட்மண்டில் இருந்த அவருடைய மகனின் காதுக்கும் போயிற்று. அந்த வருட முடிவில் அக்கா ஓய்வு எடுத்து, மகனின் வீட்டோடு போய்ச் சேர்ந்தார். போகும்போது எனக்குச் சொல்லவில்லை. நானும் போன் எடுத்துக் கேட்கவில்லை. கட்டிலின் அந்தப் பக்கத்துக்கு ஒரு இளம் பெண் வந்தாள். கெட்டிக்காரி, ஆனால் பேசமாட்டாள்.

இந்த வசந்தத்தில் என் மகள், "அம்மா, நீங்கள் ஒருநாளும் லீவுக்கெண்டு போனதில்லை, எங்கை போகோணும் சொல்லுங்கோ, நானும் வாறன்" என்றாள். என் வாயில் அந்த ஹோட்டலின் பெயர் வந்தது. அக்கா சொல்லச் சொல்லப் பாடமாகிவிட்ட பெயர். மகள் கேட்டாள், "அது எப்பிடித் தெரியும்?" "ஆரோ சொன்னவை" என்றேன். உண்மையைச் சொன்னால், அந்த இடத்தில் ஒரு குறையாவது கண்டுபிடித்துவிட வேண்டும் என்றுதான் எனக்கு ஆசை. படத்தில் எல்லாம் அழகாகத்தான் தெரியும், நேரே போனால் பூஞ்சணம் மணக்கும் என்று மனதைத் தேற்றிவைத்திருந்தேன். கடைசி நேரத்தில் மகளுக்கு வேலையில் தள்ளிவைக்க முடியாத ஒரு சந்திப்பு வந்து, நான் மட்டும் போனேன். அக்கா போனதுபோலவே தனியே.

அறைக்குள் நுழைந்ததும் மற்றவர்கள் சாளரத்தடிக்குப் போவார்கள். நான் கதவின் மேல்விளிம்பைத் தடவிப் பார்த்தேன். தூசி இல்லை. முழங்காலிட்டுக் கட்டிலுக்குக் கீழே பார்த்தேன். குளியலறைக் குழாயின் பின்பக்கம், கண்ணாடியின் கீழோரம், தொலைபேசியின் வயர், தலையணை உறையின் உள்மூலை எல்லாம் பார்த்தேன். எங்கள் மேற்பார்வைக்காரிகூட அப்படித் துருவியிருக்க மாட்டார். ஒன்றும் கிடைக்கவில்லை. கல் தரை குளிர்ச்சியாக இருந்தது. சாளரத்தின் நீலக் கதவு அக்கா காட்டிய அதே நீலம். கடல் அந்த ஊர் மதிலின் அடியில் மெதுவாக அடித்துக்கொண்டிருந்தது. இரண்டு கட்டில்களில் ஒன்றில் உட்கார்ந்து, மற்றதைப் பார்த்துக்கொண்டு, அன்று பின்னேரம் முழுவதும் எனக்குக் கோபமாக இருந்தது. இத்தனை வருடமும் அவர் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. எழுந்தவுடன் என் கைகள் தங்கள் வேலையைச் செய்துவிட்டன. விரிப்பை இழுத்து, தலையணை உறையின் வாயைக் கதவுக்கு மறுபக்கம் திருப்பி, போர்வையின் மூலையை வெற்றிலை மடிப்பாகச் செருகினேன். கழுவுதொட்டியைத் துடைத்தேன். குப்பையையும் கட்டி வைத்தேன். நான் அங்கே விருந்தினர் என்பது கூரைக்கு ஏறிக் காலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. அத்திப்பழமும் பாலாடைக்கட்டியும் சாப்பிட்டுத் திரும்பிவந்தால், அறை பார்க்கும் பெண் இடுப்பில் கையூன்றி என் கட்டிலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். ஐம்பது வயது இருக்கும். தகப்பன் ஸ்டுட்கார்ட்டில் தொழிற்சாலையில் வேலை செய்தவராம். அவரும் அங்கே பள்ளிக்கூடம் போனவர், ஆகையால் நல்ல ஜெர்மன் பேசினார். "நீங்கள் பிராங்பேர்ட்டில் இருந்துதானே வருகிறீர்கள்?" என்று கேட்டார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். எதிர் அறையின் கதவைத் திறந்து காட்டினார். அங்கே, யாரோ ஒரு தம்பதியின் கட்டிலில், என் வெற்றிலை மடிப்பு.

எனக்குக் கோபம் உச்சியில் ஏறிவிட்டது. என் மடிப்பை அக்கா கொண்டுவந்து யாரோ ஒருத்திக்குக் கொடுத்திருக்கிறார். "யார் காட்டித் தந்தது?" என்றேன், தெரிந்துகொண்டே. "வருடாவருடம் வந்த ஒரு பெண்மணி, நான் வருவதற்கு முன்பே தன் கட்டிலைத் தானே போட்டுவிடுவார், என் வேலையைப் பறிக்காதீர்கள் என்று சண்டை பிடித்தேன், அப்படித்தான் சிநேகமானோம்" என்றார். "தன்னுடைய மடிப்பு என்று சொன்னாரா?" இல்லை, என்றார் அவர். பிராங்பேர்ட்டில் தனக்கு ஒரு தங்கை இருக்கிறாள், இது அவளுடையது என்று சொல்லித்தான் காட்டித் தந்தார். பிறகு கொஞ்சம் தயங்கி, சிரிப்பை அடக்கிக்கொண்டு, இன்னொன்றும் சொன்னார். "அவள் எரிச்சல்காரி, தான் வருகிறவரைக்கும் வரமாட்டாள், தான் நிறுத்தினால் வருவாள் என்றும் சொன்னார்."

நான் என் அறைக்குத் திரும்பிக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். ஏன் நிறுத்தினார் என்று கேட்டேன். மகனுக்கு அவர் தனியே வருவது பிடிக்கவில்லையாம், யாரோ என்னவோ கதை கட்டிவிட்டார்களாம், என்றார் அந்தப் பெண். யார் என்று அக்கா சொல்லவில்லையாம். நான்கு வருடமாக ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசியில் இவரோடு பேசியிருக்கிறாராம், ஒரு நாளும் என் பெயரை அந்தக் கதையோடு சேர்க்கவில்லை. அவருக்கு இங்கே ஆள் இருந்தது உண்மைதான். இதோ எனக்கு முன்னால் அழுக்குத் துணிக்கூடையோடு நின்ற இந்தப் பெண்தான் அந்த ஆள். அக்கா என்னிடம் ஒவ்வொரு வருடமும் நீட்டி, நான் வேண்டாம் என்று தள்ளியதையெல்லாம் இவர் வாங்கிவைத்திருந்தார். இருந்தும் அந்த நேரத்தில் எனக்கு முதலில் வந்தது வெட்கம் அல்ல. எனக்கு அழைப்பே வராத ஞாயிற்றுக்கிழமைகளில் இவருக்கு வந்ததே என்ற எரிச்சல்தான் முந்திக்கொண்டு வந்தது. வெட்கம் பின்னால் வந்து, வந்த பிறகு போகவில்லை.

மதியம் வேலை முடிந்ததும் அவர் என்னைக் கூரைக்குக் கூட்டிப்போய் தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டார். மூன்றாவது தரம் மணி அடித்ததும் அக்காவின் குரல் வந்தது. "சொல்லு தங்கச்சி." அந்தப் பெண் என்னைப் பார்த்துக்கொண்டே தமிழில், "ஓம் அக்கா" என்றார். அந்த 'அக்கா' இருபது வருடமாக எனக்கு மட்டும் இருந்த சொல் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு ஜெர்மனில், இங்கே ஒருவர் நிற்கிறார் என்று சொல்லிவிட்டு என்னிடம் நீட்டினார்.

"அக்கா, நான்தான்."

என் குரல் கேட்டதும் போனை வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவிடக்கூடாது என்று அவசரமாகச் சொன்னேன்: "அண்டைக்கு நான் சொன்னது பிழை. எனக்கு எரிச்சல். நீங்கள் சந்தோசமா வாறது எனக்குப் பிடிக்கேல்லை. அதுதான் சொன்னனான்."

"அதைச் சொல்லுறதுக்குச் சிசிலிக்குப் போகவேண்டி வந்ததோ?" என்றார் அக்கா. "டோர்ட்மண்டுக்கு ரயில் இல்லையோ?"

"வாறன் அக்கா. வந்து மகனோடை கதைக்கிறன். அந்தக் கதையை நான்தான் கட்டினனான் எண்டு நானே சொல்லுறன்."

"வெள்ளிக்கிழமை வா. அவன் வீட்டிலை நிப்பான். எனக்கு முன்னாலை வேண்டாம், அவனைக் கூட்டிக்கொண்டு வெளியிலை போய்ச் சொல்லு. நான் பக்கத்திலை நிண்டு உன்ரை முகத்தைப் பாக்கமாட்டன்" என்றார். "சரி, இப்ப போனை அவளிட்டைக் குடு. ஒரு கிழமைக் கதை கிடக்குது."

கொடுத்தேன். அவர் வாங்கி ஒலிபெருக்கியை நிறுத்தி, காதில் வைத்துக்கொண்டு மதிலோரம் போனார். என்ன பேசினார்கள் என்று தெரியவில்லை. யாரோ ஒரு விருந்தினரைப் பற்றி இருக்கலாம், என்னைப் பற்றியும் இருக்கலாம். அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தார். அந்தப் பக்கத்தில் அக்காவும் சிரித்திருப்பார். கடலைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் பொறுத்தேன், பிறகும் பொறுத்தேன். பிறகு ஏலாமல் எழுந்து போய், அவருக்கு முன்னால் கையை நீட்டினேன்.

"காணும், கதைச்சது போதும்" என்றேன் தமிழிலேயே. "இனி எனக்குத் தாருங்கோ."