பிரசங்க மேடையில் முட்டை

எங்கள் சபையில் மணியடித்த கோயில்பிள்ளை, கயிற்றை இழுத்தால் தானும் ஒரு சாண் எழும்புகிற அளவுக்கு ஒல்லி. அவருடைய கோழி தினமும் பிரசங்க மேடைக்கு அடியில்தான் முட்டையிடும்.

"கோயிலுக்குள்ள விழுந்தது கர்த்தருக்கு உள்ளதாக்கும், டீச்சரம்மா" என்று என்னிடம் சொல்லிவிட்டு அதைப் போதகர் வீட்டில் கொடுத்துவிடுவார். கோயில்பிள்ளையின் பிள்ளைபெற்ற மனைவியோ ஒரு முட்டைக்கு ஏங்கிக்கொண்டிருந்தாள்.

நான் கோழி வளர்ப்பில் பயிற்சி பெற்றவள். இருட்டு மூலை, பெட்டி, வைக்கோல், கோழிக்கு ஆசைகாட்ட வெள்ளை பூசிய மர முட்டை என்று வரிசையாக எழுதி, மர முட்டை ஒன்றும் கொடுத்தேன். நான்காம் நாள் கோழி வீட்டுப் பெட்டியிலேயே முட்டையிட்டது, மனைவி சாப்பிட்டாள்.

"அப்போ கர்த்தருக்கு?" என்றேன்.

"வெறுங்கையாட்டு போக முடியுமா? மர முட்டையக் குடுத்தாச்சு."

போதகர் வீட்டில் அதை மதியம்வரை வேகவைத்தார்களாம். மறுநாள் கோயில்பிள்ளை இன்னொரு மர முட்டை கேட்டு என்னிடம் வந்தார். முகத்தில் சிரிப்பே இல்லை.