பத்தொன்பது நிமிடம்

லண்டன் ஹரோவில் எங்கள் பக்கத்து வீட்டு அன்டன், ஆல்ப்ஸ் மலைக் கிராமம் ஒன்றிலிருந்து வந்தவர். கடந்த தை மாதம் ஒரு காலையில் அவர் மனைவி ரோசா வீட்டிலேயே இறந்துபோனார். நானும் மனைவியும் ஓடிப்போனோம். அன்டன் மகளுக்குத் தொலைபேசியில் சொல்லக் கீழே இறங்கினார். என் மனைவி தேநீர் போடப் போனாள். ரோசாவின் அருகில் நான் மட்டும் இருந்தேன்.

ஜன்னல் திறந்து கிடந்தது. வெளியே இரண்டு பாகைக் குளிர். எனக்குச் சளி பிடித்தால் பதினொரு நாள் விடாது. எழுந்து சாத்தினேன்.

திரும்பி வந்த அன்டன் திகைத்து நின்றார்.

"எங்கள் ஊர் வீடுகளில் சுவரில் ஒரு சின்னக் கதவு இருக்கும். சாவன்று மட்டும் திறப்போம், உயிர் வெளியே போவதற்கு. இங்கே அது இல்லை என்றுதான் ஜன்னலைத் திறந்தேன். எவ்வளவு நேரம் சாத்தியிருந்தது?"

எதிரே கடிகாரம். பத்தொன்பது நிமிடம்.

"இப்போதுதான்" என்றேன்.

நம்பிவிட்டார். ஜன்னலைத் திறந்து, "போ, ரோசா" என்றார். திரைச்சீலை அசையவில்லை.

இப்போது தினமும் காலையில் எங்கள் ஜன்னலைத் திறந்து வைக்கிறேன்.

"உங்களுக்கென்ன விசரே? வீடு விறைக்குது!" என்கிறாள் மனைவி.

"பத்தொன்பது நிமிசம் பொறும்."

ஏனென்று அவளுக்கும் சொல்லவில்லை. அவ்வளவு நேரமும் ரோசா அந்த அறையில் என்னோடுதான் நின்றாரா என்று யாரிடம் கேட்பது?