பனி டயரும் பொன்னுரங்கத்தின் வலது காலும்

பொன்னுரங்கம் அண்ணனைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் அவர் கையைத்தான் மெச்சுவார்கள். கப்பலுக்குள் காரை ஏற்றி, பக்கத்துக் காருக்கும் இதற்கும் நடுவில் நான்கு விரல் இடைவெளி விட்டு நிறுத்துகிற கை என்பார்கள். கேட்டால் எனக்கு எரிச்சல் வரும். ஸ்டியரிங்கை எவன் வேண்டுமானாலும் திருப்பலாம். அந்த மனுஷனுடைய வித்தை முழுக்க வலது காலில் இருந்தது. அது அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது.

என் பெயர் எபினேசர். எண்ணூர்ப் பக்கத் துறைமுகத்தில் வேன் ஓட்டுகிறேன். ஏற்றுமதிக் கார்களைக் கப்பலுக்குள் கொண்டுபோய் நிறுத்திய டிரைவர்களை அள்ளிக்கொண்டு மறுபடி யார்டில் கொட்டுவது என் வேலை. ஒரு ஷிஃப்டுக்கு நாற்பது நடை. பதினொரு வருஷமாக என் வேனின் முன் சீட்டு அண்ணனுக்குத்தான். வேறு எவனாவது குந்தினால் நானே எழுப்பிப் பின்னால் துரத்துவேன்.

அண்ணன் எண்ணூர்க் குப்பத்துக்காரர். இருபத்துநாலு வயதுவரை கடலில் கிடந்தவர். முகத்துவாரம் தூர்ந்து, படகை வெளியே எடுப்பதே பெரும்பாடாகிப் போனதும் டிரைவிங் கற்றுக்கொண்டு துறைமுகத்துக்கு வந்தார். பெல்ட் பக்கிள் கூடாது, மோதிரம் கூடாது, புதுக் காரில் கீறல் விழுந்தால் தொலைந்தோம் என்று எங்களுக்கு ஆயிரம் சட்டம் உண்டு. ஷூ கட்டாயம் என்பதும் அதில் ஒன்று. அதை மட்டும் அண்ணன் மதித்ததே இல்லை. கார்க் கதவைத் திறந்ததும் ஷூவைக் கழற்றி என் வேனுக்குள் எறிந்துவிட்டு வெறுங்காலோடுதான் ஏறுவார்.

"ஷூ போட்டுகினா பெடலு இன்னா சொல்லுதுன்னே தெரியமாட்டேங்குது நைனா" என்பார். சூப்பர்வைசர் ஃப்ரெடி பார்த்தும் பாராதவர்போல் போய்விடுவார். அப்படி ஒரு டிரைவரை அவர் எங்கே போய்த் தேடுவார்.

போன பிப்ரவரியில் ஒரு நாள் சாயங்காலம் அண்ணன் கடற்கரையிலிருந்து வீட்டுக்கு நடந்து வந்திருக்கிறார். வாசலிலிருந்து அடுப்படிவரை தரையெல்லாம் ரத்தம். அவர் மனைவி அங்கம்மா அக்காதான் பார்த்திருக்கிறார். குதிகாலில் கட்டைவிரல் நகம் அளவுக்குப் பாட்டில் கண்ணாடி. அது குத்தியதே அண்ணனுக்குத் தெரியவில்லை. எட்டு வருஷச் சர்க்கரை. விரல்களில் தொடங்கி உள்ளங்காலில் பாதி மரத்துப் போயிருந்தது. மறுநாள் என்னிடம் மட்டும் சொன்னார். சொல்லிவிட்டு, யாரிடமும் மூச்சு விடக் கூடாதென்று என் பிள்ளைகள் மேல் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

மே மாதக் கடைசியில் எங்களுக்கு மெடிக்கல் உண்டு. இந்த வருஷம் ஒரு புது டாக்டர். டிரைவர்களின் உள்ளங்காலில் நைலான் இழையால் குத்தி, தெரிகிறதா என்று கேட்கிறாராம். இதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து அண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டில் கண்ணை மூடிப் படுத்துக்கொண்டு, வலைக்கு வாங்கிய தங்கூஸ் நரம்பால் அங்கம்மா அக்காவைக் குத்தச் சொல்லிப் பழகியிருக்கிறார். பத்துக் குத்தில் நான்குதான் தெரிந்ததாம். அந்த நாலும் அக்கா பாவம் பார்த்து அழுத்திக் குத்தியதாக இருக்கும் என்று அவரே சொன்னார்.

இந்த நேரம் பார்த்து அந்தக் கார் வந்து இறங்கியது.

ஜப்பானில் பனி கொட்டுகிற வடக்குப் பக்கத்திலிருந்து யாரோ ஒரு பணக்காரர் வாங்கிய பழைய ஸ்போர்ட்ஸ் கார். மஞ்சள் நிறம், இரண்டே சீட்டு, தரையோடு தரையாகக் கிடந்தது. செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி, வெயில் நாற்பதைத் தாண்டியிருந்தது. சாவியை ஃப்ரெடி யோசிக்காமல் அண்ணனிடம் நீட்டினார். கப்பலில் வருகிற கார்களில் டயர் அமுங்காமலிருக்கக் காற்றை அதிகமாக அடைத்து அனுப்புவார்கள். இறங்கியதும் குறைப்பது எங்கள் வழக்கம். அண்ணனும் குந்தி, நாலு டயரிலும் புஸ்ஸென்று காற்றை விட்டு இருபத்தெட்டு பவுண்டுக்குக் கொண்டுவந்தார். அந்த டயரின் முகத்தை அவரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. எங்களுக்குத் தெரிந்த டயர் இரண்டுதான். ஒன்று புதுசு, இன்னொன்று வழுக்கை.

நான் வேனில் பின்னாலேயே போனேன். நிலக்கரி கொண்டுபோகிற பெல்ட் பக்கத்து வளைவில் காரின் பின்பக்கம் ஒரு ஆட்டம் ஆடியது. அடுத்து நிறுத்தக் கோடு. டிரெய்லர்கள் குறுக்கே போகிற இடம். கொடி பிடிக்கிற பூமாரி நடுரோட்டில் நின்று சிவப்பைக் காட்டினாள். காரின் பிரேக் விளக்கு எரிந்தது. ஆனால் கார் நிற்கவில்லை. கோட்டைத் தாண்டி ஒரு கார் நீளம் போய், பூமாரியின் முழங்காலுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. அவள் பின்பக்கமாக விழுந்து, எழுந்து, அண்ணனின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டினாள். ஸ்போர்ட்ஸ் காரைப் பார்த்ததும் கிழவனுக்கு வாலிபம் திரும்பிவிட்டது என்று மற்ற டிரைவர்கள் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. என் வேனில் ஏறியபோது அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"நான் மிதிச்சேன் நைனா" என்றார். கொஞ்ச தூரம் போனதும், "மிதிச்சேன்னுதான் நெனக்கிறேன்" என்றார்.

"வெளக்கு எரிஞ்சிச்சு அண்ணாத்தே. நான் பாத்தேன்."

"எவ்ளோ மிதிச்சேன்? அதான் தெரில. திருப்புனா ஒடனே திரும்ப மாட்டேங்குது. பின்னாடி தனியா நீந்துது. வண்டி அப்பிடியா, நான் அப்பிடியான்னு ஒன்னியும் புரில."

ஃப்ரெடியிடம் சொல்லிவிடுங்கள் என்றேன். சொன்னால் கேட்டில் வாட்ச்மேனாக நாற்காலி போட்டுக் குந்த வைப்பார்கள் என்றார். வெள்ளிக்கிழமை மெடிக்கலில் எப்படியாவது தப்பித்துவிட்டால் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். நானும் வாயை மூடிக்கொண்டேன். இதைத்தான் அப்போது தோஸ்தி என்று நினைத்தேன். இப்போது நினைத்தால் என்னையே அறையத் தோன்றுகிறது. பூமாரிக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள்.

புதன்கிழமை முழுக்க அண்ணன் ஏற்றுமதிக் கார்களை மாட்டு வண்டி மாதிரி ஓட்டினார். கோடு வர ஐம்பது அடி இருக்கும்போதே பிரேக் போட்டார். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்துத் தள்ளினார்கள். வேனில் உட்கார்ந்தால் வலது காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு விரல்களைப் பிசைந்துகொண்டே வருவார்.

வியாழக்கிழமை பகல் ஒரு மணிக்கு, கார் வாங்கியவர் அனுப்பிய மெக்கானிக் வந்தார். முபாஷிர் என்று பெயர், பழைய வண்ணாரப்பேட்டைக்காரர். மஞ்சள் காரை யார்டிலிருந்து சோதனை ஷெட்டுக்கு எடுக்க வேண்டும். சாவி மறுபடி அண்ணன் கையில். வழக்கம்போல ஷூவைக் கழற்றி என் வேனுக்குள் எறிந்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். ஸ்டார்ட் பண்ணவில்லை. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, தூரத்தில் கொடியோடு நின்ற பூமாரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முபாஷிர் முன் டயர் பக்கத்தில் குந்தி, ரப்பரை விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"யாருபா கப்பல்லேர்ந்து இத்த ஓட்டியாந்தது?"

நான் அண்ணனைக் கை காட்டினேன்.

"இது பனி டயரு அண்ணாத்தே. ஐஸ் மேல ஓட்டறதுக்குன்னே செஞ்சது. தோ பாரு, மலையும் பனிப்பூவும் படம் போட்டுகீது. குளுர்லயும் கெட்டியாவக் கூடாதுன்னு ரப்பர மெத்துன்னு வெச்சிருப்பான். நம்மூரு வெயில்ல அல்வா கணக்கா ஆயிடும். கட்டை கட்டையா கீதே, அது ஒவ்வொன்னும் தனியா நெளியும். திருப்புனா லேட்டா திரும்பும், பிரேக் போட்டா தள்ளிகினு போயி நிக்கும். காத்து எவ்ளோ வெச்சிகீறீங்க?"

"இருவத்தெட்டு" என்றேன்.

"நல்லா கீது. அல்வாவ வேற எளக்கி வுட்டுட்டீங்க."

"வளைவுல பின்னாடி ஆடுமா?" என்று அண்ணன் கேட்டார்.

"ஆடாம? எறங்கு, நானே காட்றேன்."

முபாஷிர் காலி யார்டில் காரை ஓட்டினார். அண்ணன் இறங்கி, வெயிலில் நின்று பார்த்தார். வளைத்தபோது அதே ஆட்டம். பிரேக் போட்டபோது அடையாளத்துக்கு வைத்த கூம்பைத் தட்டிவிட்டு அப்பால் போய்த்தான் கார் நின்றது. மூன்று தடவை ஓட்டினார், மூன்று தடவையும் அப்படித்தான். இறங்கி வந்து, "எனக்கே ஒதறலு எடுக்குது. எவ்ளோ மிதிச்சாலும் அதுக்கு முன்னாடி நிக்காது. நாலு டயரையும் மாத்திட்டா சரியாயிடும்" என்றார்.

அண்ணன் என் தோளை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினார். "என் காலு இல்ல நைனா. டயரு. டயரு." கண்ணில் தண்ணீர். அந்தப் பக்கம் வந்த ஃப்ரெடியிடம் சொன்னார். பூமாரியைக் கூப்பிட்டுச் சொன்னார். "அது எந்த எழவா இருந்தா இன்னா, சாவ இருந்தவ நானு" என்று முறைத்தாள். ஆனாலும் அவளும் சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். இரண்டு நாள் நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்தது இறங்கியது. கால் மணி நேரம் அங்கேயே நின்று பேசிக்கொண்டிருந்தோம்.

என் ஷூவின் அடியைத் தாண்டிச் சூடு ஏற, நான் கால் மாற்றி மாற்றி நின்றேன். முபாஷிரும் அப்படித்தான் நின்றார். யார்டு நாய்கூட வேன் நிழலை விட்டு வரவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அண்ணனின் ஷூ என் வேனில் கிடந்தது.

"அண்ணாத்தே, காலு சுடல?" என்றேன்.

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கீழே பார்த்தார். கொதிக்கிற தாரில் இரண்டு பாதமும் பொருந்தி நின்றன. வலது காலைத் தூக்கினார். தோல் தாரோடு ஒட்டி, பிரிந்து வந்தது. உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம், இரண்டு உடைந்திருந்தன. பூமாரிதான் தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அந்தக் காலில் ஊற்றினாள். தண்ணீர் பட்டதும் தெரிந்ததா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவருக்குத் தெரியவில்லை.

அண்ணன் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஃப்ரெடியின் அறைக்கு நடந்தார். டிரைவர் என்று எழுதிய பச்சைச் சட்டையைக் கழற்றி மடித்து நீட்டினார்.

"நாளைக்கு டாக்டரு குத்திப் பாக்க வேணாம் சார். நானே சொல்லிட்றேன். அன்னிக்கு டயரு. இன்னொரு நாளு நல்ல டயரா இருக்கும், என் காலு மிதிக்காம போயிடும். அப்பவும் அந்தப் பொண்ணுதான் நின்னுகினு இருப்பா."

ஃப்ரெடி சட்டையை வாங்கவில்லை. அண்ணன் அதை மேஜையில் வைத்துவிட்டு வந்தார்.

திருவொற்றியூர் ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். முன் சீட்டில், ஈரத் துணி சுற்றிய காலோடு உட்கார்ந்திருந்தார். எக்ஸ்பிரஸ் சாலையில் டிரெய்லர்கள் வரிசை கட்டி நின்றன. முன்னால் சிவப்பு விளக்கு எரியும்போதெல்லாம், அந்தத் துணி சுற்றிய கால் பெடல் இல்லாத வெறும் தரையை அழுத்தியது. எர்ணாவூர் மேம்பாலம்வரை நான் எண்ணினேன், ஆறு தடவை. தரை தெரிகிறதா என்று நான் கேட்கவில்லை. அவர் மிதித்த இடத்திலெல்லாம் நானும் பிரேக் போட்டேன்.