மல்லசமுத்திரத்தில் ஒன்பது குழி

மேட்டூர் அணை கட்டி முடித்துச் சில வருஷங்கள் ஆகியிருந்தபோது, ஒரு மாசி மாதத்தில், நானும் என் மனைவி லோகநாயகியும் சேலம் ஜில்லாவில் ஒரு வாரம் சுற்றி வந்தோம். எல்லாரும் அணையைப் பார்க்கப் போனார்கள். நாங்கள் கோல்ஃப் ஆடப் போனோம். அதாவது நான் ஆடவும், அவள் கோயில்களைப் பார்க்கவும் போனோம்.

சென்னையில் வக்கீலாக இருக்கும் எனக்கு இந்த ஆட்டப் பைத்தியம் பிடித்து நாலு வருஷம் ஆகியிருந்தது. சின்ன வெள்ளைப் பந்தை மட்டையால் அடித்து, எட்டத்தில் கொடி நட்டிருக்கும் குழிக்குள் தள்ள வேண்டும். ஒன்பது குழி முடித்தால் ஒரு சுற்று. கேட்பதற்கு எவ்வளவு எளிது! ஆனால் நாலு வருஷத்தில் ஒரு சுற்றைக்கூட நான் முடித்ததில்லை. கிளப்பில் நான் உறுப்பினன் இல்லை, வெறும் விருந்தாளி. துரைமார் யாராவது வந்துவிட்டால் பாதியில் பையைத் தூக்கிக்கொண்டு ஒதுங்க வேண்டும்.

"பாதி ஆட்டத்துக்கு எதுக்கு இவ்வளவு பெரிய பை?" என்று லோகநாயகி ஒரு நாள் கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. "இந்தப் பயணத்தில் ஒரு சுற்று முழுதாக முடிக்கிறேன். இல்லையென்றால் பை பரணுக்குப் போகும், அப்புறம் தொடமாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்னால் சொன்னதுதான், அதில் எனக்குப் பிடிவாதம் அதிகம். "சரி, ஆனால் உங்கள் ஆட்டத்துக்காக என் கோயில் ஒன்றுகூடத் தவறக் கூடாது" என்றாள் அவள். ஒப்பந்தம் முடிந்தது.

இதுபோலப் போக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. காலையில் ஆட்டம், வெயில் ஏறியபின் பஸ், பொழுது சாய்ந்ததும் கோயில் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதை மாற்றினால் உடம்பும் கெடும், குடும்பமும் கெடும்.

இரவு ரயிலில் சென்னையை விட்டால் விடியும் வேளையில் சேலம் ஜங்ஷன். வெள்ளைக்கல் குன்றுகளுக்குக் கீழே ஒரு கிளப்பின் மைதானம் இருந்தது. தெரிந்த ரயில்வே அதிகாரி ஒருவர் சிபாரிசில் மறுநாள் காலை அங்கே இறங்கினேன். தரையில் புல் குறைவு, செம்மண் அதிகம். பந்து நன்றாக ஓடியது. ஐந்து குழி முடிந்து ஆறாவதற்குக் கையை ஓங்கியபோது பியூன் ஓடி வந்தான். "தொரைங்க வந்துட்டாங்க. கொஞ்சம் ஒதுங்கிக்கச் சொல்றாங்கய்யா." ஒதுங்கினேன். வெயில் சுடும்வரை வேப்பமரத்தடியில் நின்றேன். என்னைத் திரும்பக் கூப்பிட ஆள் இல்லை.

அந்த எரிச்சலோடுதான் நாமக்கல் போனேன். சேலத்திலிருந்து முப்பத்திரண்டு மைல், பஸ்ஸில் இரண்டரை மணி நேரம். நரசிம்மரையும், கூரையில்லாத கோயிலில் வெயிலிலும் மழையிலும் நிற்கும் ஆஞ்சநேயரையும் தரிசித்தோம். கோட்டைப் பாறைமேல் நின்று பார்த்தால் சுற்றிலும் சமவெளி. அறுவடை முடிந்த சோளக்காடுகள், பனைகள், தூரத்தில் கொல்லிமலை. மைதானம் போட எவ்வளவு இடம் என்றுதான் எனக்குத் தோன்றியது. லோகநாயகி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கோயில் நேரத்தில் குழி பார்க்கக் கூடாது" என்றாள். பாறையில் வழுக்கும், செருப்பைக் கீழேயே விட்டுவிடுங்கள்.

திரும்பவும் சேலம் வந்து திருச்செங்கோடு பஸ் ஏறினோம். வழியில் பதினெட்டு மைலில் மல்லசமுத்திரம். என் கடைசி நம்பிக்கை அங்கேதான் இருந்தது. கல்லூரி நண்பன் குமாரசாமி சீமையில் படித்துவிட்டு வந்து, குடும்பத்து மேய்ச்சல் காட்டில் ஒன்பது குழி போட்டிருந்தான். அவன் பம்பாயில் வேலைக்குப் போய்விட்டான். நாங்கள் வருவதைத் தகப்பனாருக்கு எழுதச் சொல்லியிருந்தேன். குழிகளைச் சுற்றிப் பந்து உருளும் இடத்தை மட்டும் நன்றாக வைத்திருக்க வேண்டும் என்றும் தெரிவிக்கச் சொன்னேன். எதையும் முன்கூட்டியே ஏற்பாடு செய்வது என் பழக்கம்.

குமாரசாமியின் தகப்பனார் நாச்சிமுத்துக் கவுண்டர் மீசையை நீவிக்கொண்டு ரோட்டுக்கே வந்து நின்றார். "வாங்க சாமி, வாங்க. ஊட்டுக்குப் போலாமுங்க" என்றார். கம்பஞ்சோறும் கீரைக் கடைசலும் தயிரும். அவர் வீட்டு விருந்தைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். மறுநாள் விடிந்ததும், கிளுவை வேலிக்கு நடுவே படலைத் திறந்து மைதானத்தைக் காட்டினார்.

முதல் குழிக்குப் போனவன் அப்படியே நின்றுவிட்டேன். கொடியைச் சுற்றி நாற்பது அடி அகலத்துக்கு மண்ணெல்லாம் குளம்பு மிதித்த பள்ளம். அதன்மேல் ஆட்டுப் புழுக்கை. பட்டி போடப் பிடுங்கிய கொடியைத் திரும்ப ஏதோ ஓரிடத்தில் நட்டிருந்தார்கள், குழியே தெரியவில்லை.

"பையன் நல்லா வெக்கச் சொல்லி எழுதியிருந்தானுங்க. அதான் ஒம்போது எடத்துலயும் ஆட்டுப் பட்டி போட்டுட்டனுங்க. ராவுக்கு ஒரு எடம். எரநூறு ஆடு. இனி பாருங்க, மழை பேஞ்சா புல்லு எப்புடி வருதுன்னு!" கவுண்டர் முகம் பூரித்திருந்தது.

இந்தப் பக்கத்தில் ஆட்டுக்காரர்கள் மந்தையோடு ஊர் ஊராக வருவார்கள். இரவில் காட்டில் மூங்கில் படல் கட்டி ஆடுகளை அடைத்தால், அதுதான் அந்த நிலத்துக்கு எரு. நிலத்தை நன்றாக வைப்பது என்றால் கவுண்டருக்கு இதுதான் அர்த்தம். என்னால் சந்தோஷப்பட முடியவில்லை. கோபிக்கவும் முடியவில்லை. வீடு திரும்பிப் பையைக் கட்டிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

லோகநாயகி குடையை மடக்கினாள். குழிக்குள் பால் டின் புதைத்திருப்பதாகக் கவுண்டர் சொன்னதும், கொடியைச் சுற்றிக் குடை நுனியால் தட்டிப் பார்த்துக்கொண்டே போனாள். ஓரிடத்தில் 'டிங்' என்றது. "இதோ இருக்கு. தோண்டிக் கொடுங்க" என்று கவுண்டரிடம் சொல்லிவிட்டு, என்னைப் பார்த்தாள். "நின்னுக்கிட்டே இருந்தா முடியாது. அடிங்க."

அடித்தேன். ஒவ்வொரு குழியிலும் அவள் தட்ட, கவுண்டர் தோண்ட, நான் எருவுக்குள் பந்தை உருட்டினேன். உருட்டினேன் என்பது மரியாதைக்காக. பந்து அரையடி போகும், நிற்கும். மூன்றாவது குழி முடிவதற்குள் பந்து நிறம் மாறிவிட்டது. ஆறாவது முடிந்தபோது, இதுவரை ஆறாவதைத் தாண்டியதே இல்லை என்று நினைவு வந்து படல் பக்கம் திரும்பிப் பார்த்தேன். ஒதுங்கச் சொல்ல யாரும் வரவில்லை. ஏழு. எட்டு.

ஒன்பதாவது குழி ரோட்டோரம். டின் கிடைத்தது, குழிக்கு மூன்றடியில் பந்து. அப்போது சேலம் பக்கம் புழுதி கிளம்பியது. திருச்செங்கோடு பஸ்! அதை விட்டால் சாயங்காலம்தான். மலைக்கோயில் தவறும், ஒப்பந்தம் உடையும். நான் மட்டையைக் கீழே வைத்தேன். "வா, போகலாம்" என்றேன்.

அவள் வரவில்லை. கொடியைப் பிடுங்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினாள். சிவப்புத் துணியை ஆட்டிக்கொண்டு நடுரோட்டில் நின்றாள். பஸ் கிறீச்சிட்டு நின்றது.

"ஏனுங்கம்மா, பாலம் கீலம் உழுந்திருச்சுங்களா?" என்று டிரைவர் எட்டிப் பார்த்தார்.

"இல்லைங்க. அவர் ஒரு பந்தை உருட்டணும்."

டிரைவர் என்னையும் குழியையும் மாறிமாறிப் பார்த்தார். "அப்ப உருட்டட்டுங்க" என்று என்ஜினை அணைத்தார். பஸ் முழுக்க ஜன்னல்களில் தலைகள். முதல் தட்டலில் பந்து ஒரு புழுக்கையில் மோதி நின்றது. "அடடா!" என்றது பஸ். இரண்டாவது தட்டலில் டின் அடியில் 'டொக்' என்று விழுந்தது. பஸ்ஸில் யாரோ கை தட்டினார்கள். நான் வெட்கமில்லாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

கவுண்டரைக் கும்பிட்டுவிட்டு ஏறினோம். கொஞ்சதூரம் போனதும் டிரைவர் பேசினார். "கவுண்டரு பட்டி போட்டது உங்களுக்குத்தானுங்களா? அது அவுரு சோளக்காட்டுல ஆடு அடைக்கற மொறைங்க. ஒம்போது ராவும் இங்கயே கட்டிப்போட்டாரு. ஆட்டுக்காரன் தெக்க போயிட்டான். இனி அடுத்த மாசிக்குத்தானுங்க." நான் பையைத் திறந்து, எரு அப்பிக் கிடந்த பந்தை எடுத்துப் பார்த்தேன்.

அங்கே மலைப்படி நிறைய. பாறையில் செதுக்கிய பெரிய பாம்பைத் தாண்டி மெதுவாக ஏறுங்கள். பாதி ஆண், பாதி பெண்ணாக நிற்கும் சுவாமியைப் பார்த்தபோது, எங்கள் பயண ஒப்பந்தத்தை அவரே எழுதியதாக எனக்குப் பட்டது. மறுநாள் ஈரோட்டில் ரயில் ஏறினோம். ஒரு நாள் கூடுதலாக இருந்தால் பரமத்தி வேலூர் போய்க் காவிரியில் குளியுங்கள். பழைய செருப்பு, குடை இரண்டும் அவசியம். விருந்து கொடுப்பவரிடம் எதையும் நன்றாக வைக்கச் சொல்லி எழுதாதீர்கள். அவர்கள் வைத்துவிடுவார்கள்.

பை பரணுக்குப் போகவில்லை. வீடு வந்ததும் அந்தப் பந்தை எடுத்துக் குழாயடிக்குப் போனேன். லோகநாயகி கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கழுவாதீங்க. அது அவர் சோளக்காட்டுக்குப் போக வேண்டிய எரு."