பூட்டு என்று பெயர் வாங்கியவர்

எங்கள் ஊரில் என் அப்பாவுக்குப் பூட்டு என்று பெயர். அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி, எர்சிலியோ பனியாகுவா வீடு எது என்று கேட்டால் சான் பெத்ரோவில் பாதிப் பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். பூட்டு வீடு என்றால் வாடகை மோட்டார் சைக்கிள்காரன் சிரித்துக்கொண்டே ஏறச் சொல்வான். எட்டு வருடம் கழித்து ஊர் திரும்பிய அன்று நானும் அப்படித்தான் வந்து சேர்ந்தேன். அப்பா அதற்குள் சின்ன வீட்டுக்கு மாறியிருந்தார். பெயரும் கூடவே வந்திருந்தது.

அவர் பேஸ்பால் வீரர்களுக்கு ஏஜென்டாக இருந்தவர். அதற்கு முன்னால் சர்க்கரை ஆலையில் கரும்பு எடை போடும் குமாஸ்தா. ஆங்கிலத்தை ஒப்பந்தக் காகிதங்களைப் படித்தே கற்றுக்கொண்டார். அதனால் அவரால் ஆங்கிலத்தில் ஒரு காபி கேட்க முடியாது, ஆனால் ஒரு ஷரத்தை எதிர்த்து இரண்டு மணி நேரம் பேச முடியும். ஏஜென்ட் தேர்வில் மூன்றாவது முறை தேறினார். மொத்தம் ஆறு வீரர்கள் அவரிடம் இருந்தார்கள். அவர்களில் அமெரிக்காவின் பெரிய லீக் ஆட்டம்வரை போனவன் வில்கின் ஒருவன்தான்.

வில்கின் பந்து வீசுகிறவன். அவன் அங்கே வீசும்போது அப்பா இங்கே தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்து, பேருந்தில் ஆள் எண்ணுவதற்கு வைத்திருப்பார்களே, அந்தச் சின்னக் கருவியை ஒவ்வொரு பந்துக்கும் அமுக்குவார். நூறு பந்துக்கு மேல் வீசினால் கை கெட்டுவிடும் என்பார். நூறு வந்தால் சோறு பாதியில் இருந்தாலும் எழுந்து போய் அமெரிக்காவுக்குப் போன் போட ஆரம்பிப்பார். யார் எடுத்தாலும் ஒரே பேச்சு: பையன் கை, பையன் கை. ஒரு முறை வில்கினின் அணி ஐந்து வருட ஒப்பந்தம் ஒன்றை அனுப்பியது. அந்தத் தொகையைக் கேட்டு வில்கினின் அம்மா ஆல்தா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார். ஒரு மாதம் அந்த வீட்டில் யாரும் அவரோடு பேசவில்லை. மறு வருடம் அதே காகிதம் இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. பிப்ரவரியில் கையெழுத்து என்று பேச்சு.

அதற்கு முந்தைய அக்டோபரில் வில்கின் எங்கள் அடுப்படியில் வந்து உட்கார்ந்தான். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. வாழைக்காயை மசித்துக்கொண்டிருந்தேன். அவன் வலது கையை மேசைமேல் எதையோ கழற்றி வைப்பதுபோல வைத்தான். குளிர்காலத்தில் எங்கள் ஊர் அணிக்கு அவன் ஆட வேண்டும். அமெரிக்க அணி அனுமதி கொடுத்துவிட்டது. ஊர் முழுவதும் அவன் படம் ஒட்டியாகிவிட்டது. ஆனால் முழங்கை உள்ளே ஏதோ இழுக்கிறது, பயமாக இருக்கிறது என்றான். சொல்லும்போது அழுதான்.

"நான் ஆடலன்னு சொன்னா எங்கம்மா தெருவுல நடக்க முடியாது அண்ணே."

"நீ எதுக்குடா சொல்ற? நான் சொல்றேன். நீ ஆடணும்னு துடிக்கிற, நான்தான் விடல. புரியுதா? கெட்ட சேதி எல்லாம் என் வாயிலேர்ந்து வரணும்."

"உங்கள ஏசுவாங்க அண்ணே."

"ஏசட்டும். சும்மாவா உன் சம்பாத்தியத்துல நூத்துக்கு அஞ்சு வாங்கறேன்?"

வில்கினை ஆட விடாமல் பூட்டி வைத்தவர் என்று, அப்படித்தான் அவருக்கு அந்தப் பெயர் வந்தது. வில்கின் போகிற இடமெல்லாம் கையை விரித்து, எனக்கு ஆசைதான், பூட்டைக் கேளுங்க என்றான். அவனுக்குப் பீர் வாங்கிக் கொடுத்தார்கள். அப்பாவுக்கு மூலைக்கடையில் ஐஸ் இல்லை என்றார்கள், ஐஸ் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துகொண்டு. முடி வெட்டுகிற இடத்தில், சாவி கொண்டு வந்தால்தான் கத்தரி எடுப்பேன் என்றார்கள். அப்பா எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டு வருவார். கல்லூரியில் என் மேசைமேல் யாரோ ஒரு நிஜப் பூட்டையே வைத்துவிட்டுப் போனார்கள். நான் அதைப் பையில் போட்டுக்கொண்டு வந்து கிணற்றடியில் எறிந்தேன். அவர்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அப்பாமேல்தான் வந்தது. தெருவில் அவர் எதிரே வந்தால் பார்க்காதவள்போல அடுத்த பக்கம் கடந்தேன். மூன்று முறை கடந்தேன். எண்ணிக்கை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

ஜனவரியில் அரையிறுதிச் சுற்றின் ஒரு ஆட்டத்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். நம் அணி தோற்றது. கடைசி இன்னிங்ஸில் பின்வரிசையில் ஒருவன் ஆரம்பித்தான், பிறகு மைதானமே பிடித்துக்கொண்டது: பூட்டே பூட்டே, சாவி எங்கே? ஆயிரக்கணக்கான பேர் எங்களைத் திரும்பிப் பார்த்துக் கத்தினார்கள். அப்பா கையில் இருந்த வேர்க்கடலைப் பொட்டலத்தைத் தூக்கி வணக்கம் போலக் காட்டினார். அதுகூடப் பரவாயில்லை. முன்வரிசையில், ஊர் அணியின் சட்டையைப் போட்டுக்கொண்டு, இடது கையால் கம்பி வலையைத் தட்டித் தாளம் போட்டபடி வில்கினும் அவர்களோடு சேர்ந்து கத்திக்கொண்டிருந்தான்.

மறுநாள் மதியம் கல்லூரி வாசல் கடையின் போனில் கைக்குட்டையைச் சுற்றி வானொலிக்குப் பேசினேன். மதியம் பன்னிரண்டுக்கு பிர்ஹிலியோவின் விளையாட்டு நிகழ்ச்சி. ஊரில் அதைக் கேட்காத வீடு கிடையாது. சொல்லு தங்கம், இன்னிக்கு யாரைத் திட்டப் போற என்றான் பிர்ஹிலியோ. வில்கினைப் பூட்டினது பூட்டு இல்லை, முழங்கை வலிக்குதுன்னு அவனே வந்து அழுதான், கண்ணால பார்த்தவங்க சொன்னாங்க என்றேன். போனை வைத்ததும் உடம்பு லேசானது. கடைக்காரனிடம் ஒரு கரும்புச் சாறு வாங்கிக் குடித்தேன். அந்த ருசியை நினைத்தால்தான் இன்றைக்கும் முகம் சுடுகிறது.

கோழை என்று ஏசுவதற்கு எங்கள் ஊரில் கோழி என்றாலே போதும். அன்று பொழுது சாயும் முன்பே ஆல்தா வீட்டு வாசலில் கோழி இறகு மூட்டை மூட்டையாகக் கொட்டிக் கிடந்தது. செய்தி அமெரிக்காவுக்கும் போனது. அணிக்காரர்கள் பிப்ரவரிக் கையெழுத்தைத் தள்ளி வைத்தார்கள், முதலில் கையைச் சோதிக்க வேண்டும் என்றார்கள். வலி இல்லை என்று ஊருக்கும் அவர்களுக்கும் காட்ட வில்கின் நான்காம் நாள் மைதானத்தில் இறங்கினான். அப்பா உடைமாற்றும் அறை வாசல்வரை போனார். காவல்காரன் உள்ளே விடவில்லை. வெளியே வந்து படிக்கட்டில் நின்று எண்ணினார். ஐம்பத்தெட்டாவது பந்தில் வில்கின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டான். 

வில்கின் என் அப்பாவை விட்டு வேறு ஏஜென்டிடம் போனான். மற்ற ஐந்து பேரும் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். ஏன் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை, விளங்கிக்கொள்ள முயலவும் இல்லை. மார்ச்சில் நான் கிளம்பினேன். குராசாவோ, வலென்சியா, ஒரு பயணக் கப்பலின் சலவை அறை, சிலியில் ஆப்பிள் தோட்டம், பிறகு மறுபடி கப்பல். எங்கேயும் ஒரு வருடம் தாண்டவில்லை. கேட்டவர்களிடம் உலகம் பார்க்கிறேன் என்று சொன்னேன்.

திரும்பி வந்தபோது அப்பா ஒரு ஜெராக்ஸ் கடை வாசலில் உட்கார்ந்து விசா விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க வெள்ளை. இளைச்சிட்ட என்றார், பேனாவை மூடாமலே.

வில்கினை மூன்றாம் நாள் பார்த்தேன். அறுவை சிகிச்சைக்குப் பிறகு மூன்று வருடம் எப்படியோ வீசிவிட்டு ஓய்ந்திருந்தான். இப்போது கடற்கரைச் சாலையில் கார் கழுவும் கடை. பாட்டு, பீர், இரண்டு டோமினோ மேசை. என்னை அடையாளம் கண்டு, தானே நாற்காலி எடுத்துப் போட்டான். வீரர்களுக்காக ஒரு ஏஜென்ட் அலுவலகம் திறக்கப் போகிறானாம். பணம் இருக்கிறது, உரிமம் உள்ள ஆள்தான் இல்லையாம்.

"உங்கப்பா மாதிரி காகிதம் படிக்கிற ஆள் இந்தத் தீவுலயே கெடையாது. கூப்பிட்டிருப்பேன். ஆனா அந்த வாய் இருக்கே நூரிஸ்."

"எந்த வாய்?"

"உனக்குத் தெரியாதா? ரேடியோல அந்தப் பொம்பள பேசின அன்னிக்கே எங்க வீட்டுக்கு வந்தாரு. எங்கம்மா காலடியில உக்காந்து, முடி வெட்டற எடத்துல நான்தான் ஒளறிட்டேன், எவளோ கேட்டுட்டுப் போய்ச் சொல்லிட்டான்னாரு. ரகசியம் தங்காத ஏஜென்ட்டுகிட்ட எவன் இருப்பான், நீயே சொல்லு."

 அவன் கொடுத்த சோடாவை முழுவதும் குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

நேராக ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். ஒரு அம்மா விண்ணப்பத்தோடு நின்றிருந்தாள். அவள் போகும்வரை காத்திருந்து, தெரியுமா என்று மட்டும் கேட்டேன். எதைப் பற்றி என்று அப்பா கேட்கவில்லை.

"கைக்குட்டையச் சுத்தினா மக கொரல் மாறிடுமா? பாதி முடி வெட்டியிருந்துச்சு, அப்படியே எந்திரிச்சு ஆல்தா வீட்டுக்கு ஓடினேன். நீன்னு தெரிஞ்சா அந்த எறகெல்லாம் நம்ம வாசல்ல கெடந்திருக்கும். உனக்குப் பத்தொம்பது வயசு."

"உங்க தொழிலே போச்சேப்பா."

"அதான் என் தொழிலு," என்றார்.

மறுநாள் காலை வில்கினிடம் போய்ச் சொன்னேன். அவன் ஒரு வேனுக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தான். குழாயை மூடவில்லை. தண்ணீர் வேனைத் தாண்டிச் சாலையில் ஓடியது. அடிப்பான் என்றுகூட நினைத்தேன். தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"அன்னிக்கு நீ அவர் பக்கத்துல உக்காந்திருந்த. பாத்தேன். பாத்துக்கிட்டேதான் கத்தினேன்."

அன்று பகலிலேயே அவன் ஜெராக்ஸ் கடைக்கு வந்தான், நானும் கூட. அவனைப் பார்த்ததும் அப்பா என்னைத்தான் முறைத்தார். எட்டு வருடம் கட்டிக் காத்ததை ஒரு காலையில் உடைத்துவிட்டேன் என்ற கோபம் அதில் இருந்தது. வில்கின் மன்னிப்புக் கேட்டான், வேலைக்கு அழைத்தான். அப்பா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, வருகிறேன், ஆனால் ஒரு ஷரத்து என்றார். இவள் சொன்னது இந்த மூன்று பேரைத் தாண்டக் கூடாது. ஊருக்கு உளறியது எர்சிலியோவாகவே இருக்கட்டும்.

"அப்படின்னா எந்தப் பையனோட அம்மா நம்மகிட்ட வருவா அண்ணே?" என்றான் வில்கின்.

"அப்ப நான் வரல."

வில்கின் எவ்வளவோ பேசிப் பார்த்தான். அமெரிக்கர்களையே இரண்டு மணி நேரம் உட்கார வைத்த மனிதர் அப்பா, இறங்கி வரவில்லை. கடைசியில் வில்கின் எழுந்து போனான். அப்பா அடுத்த விண்ணப்பத்தை எடுத்து, பெயர் என்ன என்று எதிரே நின்றவரைக் கேட்டார்.

மணி பதினொன்றே முக்கால். நான் தெருமுனைக்கு வந்தேன். அங்கிருந்தே பேருந்து நிலையம் தெரியும். தலைநகரத்துக்கு அரை மணிக்கு ஒரு வண்டி, அங்கிருந்து விமானம். என் கால்களுக்கு அந்த வழி நன்றாகத் தெரியும். மூலைக்கடை வாசலில் நின்று, பன்னிரண்டு ஆனதும் கைபேசியில் வானொலியைக் கூப்பிட்டேன். பிர்ஹிலியோவின் குரல் கிழடு தட்டியிருந்தது, கேள்வி மட்டும் அதேதான். சொல்லு தங்கம், யாரைத் திட்டப் போற?

"என்னையேதான். என் பேரு நூரிஸ் பனியாகுவா. பூட்டோட மக. எட்டு வருஷத்துக்கு முன்னால வில்கின் கை வலியப் பத்தி உங்களுக்குப் போன் பண்ணினது நான். எங்கப்பா யார்கிட்டயும் எதையும் சொல்லல. சொல்லவே மாட்டாரு."

கடைக்குள் இருந்த வானொலியிலும் என் குரல் ஒரு நொடி பிந்தி வந்தது. டோமினோ ஆடிக்கொண்டிருந்தவர்கள் கட்டைகளைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினார்கள்.

மறுநாள் எங்கள் வாசலில் இறகு கிடந்தது. நானே பெருக்கினேன். அப்பா என்னோடு ஐந்து நாள் பேசவில்லை. ஆறாம் நாள் வில்கின் வண்டி வந்து ஹாரன் அடித்தது. அப்பா இஸ்திரி போட்ட சட்டையோடு தயாராகத்தான் இருந்தார். என்னைத் தாண்டிப் போகும்போது நின்றார்.

"ஒரு ஷரத்த முழுசா மீறிட்ட. உன்னையெல்லாம் நான் ஆளா எடுத்துக்க மாட்டேன்."

அவர் போன பிறகு ஐஸ் வாங்க மூலைக்கடைக்குப் போனேன். ஐஸ் பெட்டிமேல் அதே ஆள்தான், தொப்பை மட்டும் வளர்ந்திருந்தது. எழுந்திருக்கவில்லை. ஐஸ் இல்லை, ரேடியோவில் வேண்டுமானால் கேட்டுப் பார் என்றான். மேசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் தலையை ஆட்டிவிட்டு, அவன் எழுந்திருக்கும்வரை அங்கேயே நின்றேன்.