நான்காம் நாளும் நிற்கவில்லை

தொண்ணூற்றொன்றில் எனக்கு ஐம்பத்து மூன்று வயது. மாதாமாதம் வரும் தூரம் நின்று இரண்டு வருஷம் ஆகியிருந்தது. நின்றதிலிருந்து உடம்பு திடீர் திடீரென்று அனலாகக் கொதிக்கும். களை பறிக்கும்போதே முதுகு நனைந்துவிடும். என் ஓரகத்தி, கொழுந்தன் பெண்டாட்டி, தண்ணீர்விட்டான் கிழங்கைப் பாலில் வேகவைத்து, தினம் ஒரு டம்ளர் கொடுத்தாள்.

"பொம்பளைக்குன்னே மொளைச்ச கெழங்குக்கா, குடி."

சூடு கொஞ்சம் தணிந்தது. நானே அதை இரண்டு டம்ளராக்கிக்கொண்டேன். இருபது நாளில் உதிரம் பட்டது.

பயந்தேன் என்றால் பொய். பெருமையாகத்தான் இருந்தது. ஓரகத்தி வாயைப் பொத்திச் சிரித்தாள்.

"வயசு திரும்பிக்கினு கீது. மாமாகிட்ட சொல்லட்டா?"

"வாய மூடிக்கினு போடி."

வழக்கப்படி மாட்டுக்கொட்டகையில் ஒதுங்கி உட்கார்ந்தேன். அவள் தட்டில் சோறு கொண்டுவந்து தள்ளி வைப்பாள். நான்காம் நாள் தலைக்கு ஊற்றிக்கொண்டு வீட்டுக்குள் போக வேண்டும். நிற்கவில்லை. ஆறாம் நாள், எட்டாம் நாள். அவள் சிரிப்பதை விட்டுவிட்டாள். தட்டை வைத்ததும் போய்விடுவாள். நானும் வாய் திறக்கவில்லை. இரண்டு டம்ளர் குடித்தது நான்தானே.

பத்தாம் நாள், குழந்தைகளுக்கு ஊசி போட வந்த நர்ஸம்மா என்னைப் பார்த்து நின்றார்.

"இந்த வயசுல இன்னாத்துக்கும்மா ஒதுங்கி உக்காந்துகினு கீற?"

சொன்னேன். அவர் முகம் மாறியது.

"நின்னு ரெண்டு வருஷம் கழிச்சு வந்தா அது தூரமில்ல. கெழங்காலயா, வேற எதாலயான்னு நான் சொல்ல முடியாது. புத்துநோயான்னு பாக்கணும். நாளைக்கே காஞ்சிபுரம் பெரியாஸ்பத்திரிக்குப் போ."

அங்கே சோதனைக்காகக் கர்ப்பப்பையிலிருந்து கொஞ்சம் சதை கிள்ளி எடுத்தார்கள். முடிவு தெரியப் பதினைந்து நாள் ஆகுமாம்.

திரும்பி வந்தபோது ஓரகத்தி நான் மறுபடி உட்காரக் கொட்டகையைப் பெருக்கி, தட்டைக் கழுவி வைத்திருந்தாள்.

"இது தூரமில்ல, நோவு. நவுரு," என்று சொல்லிவிட்டு நேரே உள்ளே போய் உலை வைத்தேன். வீட்டுக்காரர் பார்த்துவிட்டுக் கை கால் கழுவப் போனார். அன்று எல்லோரும் நான் வடித்த சோற்றைத்தான் தின்றார்கள். ஓரகத்தி முதல் வாய்ச் சோற்றைக் கையிலேயே வெகுநேரம் வைத்திருந்தாள். பிறகு தின்றாள்.

பதினைந்து நாளும் நானே சமைத்தேன். கெட்டது இல்லை, கர்ப்பப்பையில் சின்னதாய்ச் சதை வளர்ந்திருக்கிறது, எடுத்துவிடலாம் என்றார்கள். கிழங்கு செய்ததா என்று அவர்களுக்கும் தெரியவில்லை. அதற்கப்புறம் சூடு வந்தால் முந்தானையால் விசிறிக்கொண்டேன்.