தொதல் சட்டியில் விழுந்த வளையல்

உம்மாவின் வளையல் தொதல் சட்டிக்குள் விழுந்த நொடியில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது.

கீழக்கரையில் யாராவது துபாய்க்குக் கிளம்பினால், அவர் பெட்டியில் பாதி இடம் அவருக்குக் கிடையாது. தெருவில் உள்ள வீடுகளின் பொட்டலங்கள் எல்லாம் அதற்குள் போகும். அந்த வாரம் எதிர்வீட்டு மாமா கிளம்புவதாக இருந்தார். துபாயில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருக்கும் என் வாப்பாவுக்குத் தொதல் என்ற எங்கள் ஊர் இனிப்பைக் கொடுத்தனுப்ப, உம்மா காலையிலேயே அடுப்பில் சட்டியை ஏற்றிவிட்டார். தேங்காய்ப்பாலும் அரிசிமாவும் கருப்பட்டியும் சேர்ந்து சுருண்டு வரும்வரை மணிக்கணக்கில் துடுப்பால் கிண்ட வேண்டும். கையை எடுத்தால் அடிப்பிடித்துவிடும்.

நான் பக்கத்தில் உட்கார்ந்து கல்லூரித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். ராமநாதபுரத்தில் இளங்கலைத் தமிழ், இரண்டாம் ஆண்டு. பொருள் தேடிப் போன கணவன் திரும்பவில்லை, மனைவி மெலிகிறாள், கையில் வளையல் நிற்காமல் கழல்கிறது. பழைய பாட்டுகளில் இது எத்தனை முறை வருகிறது என்று பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். அப்போதுதான் 'தொப்'பென்று சத்தம் கேட்டது.

உம்மா பதறவில்லை. துடுப்பு நுனியால் வளையலைத் தூக்கி, வெந்நீரில் கழுவி, திரும்ப மாட்டிக்கொண்டார். கிண்டுவதற்காகக் கழற்றி வைத்திருந்த ஒரு சிவப்பு ரப்பர் பேண்டையும் எடுத்து வளையலுக்கு முன்னால் போட்டுக்கொண்டார், அது வழுக்காமல் இருக்க. அந்த ரப்பர் பேண்டு புதிது அல்ல. முறுகி, வெளுத்துப் போயிருந்தது. எத்தனை நாளாக அதைப் போட்டிருந்தார் என்று எனக்குத் தெரியாது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு நான் அதைப் பார்த்ததே இல்லை.

"என்ன அப்படிப் பாக்குற? மோதிரமா, வயித்துக்குள்ள போக? வளையல்தானே, எடுத்தாச்சு" என்றார் உம்மா.

நான் அதையா பார்த்தேன்? என் நோட்டில் கோடு போட்ட வரி எழுந்து வந்து எங்கள் அடுப்படியில் நிற்பதைப் பார்த்தேன்.

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எதைப் படித்தாலும் அதை உடனே செய்து பார்த்தாக வேண்டும் எனக்கு. இனிய சொல்லின் பெருமையை ஓர் அறநூலில் படித்த வாரம், சில்லறைக்காகக் கத்திய பஸ் கண்டக்டரிடம் "தங்கள் கோபம் நியாயமானதே" என்றேன். கிண்டல் செய்கிறேன் என்று நினைத்து அவர் இன்னும் கத்தினார். விருந்தோம்பல் படித்த வாரம், வகுப்பில் பாதிப் பேரைச் சொல்லாமல் கொள்ளாமல் மதியச் சாப்பாட்டுக்கு அழைத்துவந்து உம்மாவிடம் திட்டு வாங்கினேன். ஆனாலும் விடவில்லை. தேர்வு முடிந்ததும் மறந்துவிடுவதற்கா இத்தனை பேர் இத்தனை காலம் பாடி வைத்தார்கள்?

அகப்பாட்டில் தலைவி தன் ஏக்கத்தைத் தானே போய்ச் சொல்ல மாட்டாள். தோழிதான் சொல்வாள். அந்தப் பாட்டுகளில் யாருக்கும் பெயரும் கிடையாது. அந்த மரியாதையை நினைத்துத்தான் இதிலும் நான் யார் பெயரையும் எழுதவில்லை. எங்கள் வீட்டில் தலைவி உம்மா. தோழி? வேறு யார், நான்தான்.

மொட்டைமாடிக்குப் போய் வாப்பாவுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். "வாப்பா, உம்மா மெலிஞ்சுட்டாக. கையில வளையல் நிக்கமாட்டேங்குது, கழண்டு கழண்டு விழுது. தூக்கமே இல்ல, ராத்திரி எழுந்து எழுந்து உக்காருறாக. கடலைப் பாத்துக்கிட்டே நிக்கிறாக. நீங்க எப்ப வருவீகன்னு வாயால கேக்கமாட்டாக. நான் கேக்குறேன்."

கடைசி இரண்டு வாக்கியங்களை மட்டும் திரும்பப் போட்டுக் கேட்டேன். என்ன அழகாகச் சொல்லிவிட்டேன்!

வகுப்பில் என் பக்கத்தில் உட்காருகிறவள் திருப்பாலைக்குடிக்காரி. அவள் வீட்டில் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். போனில் இதைச் சொன்னதும் சிரித்தாள். "ஏன்டி, எங்க அய்யா கடலுக்குப் போயி வர லேட்டானா எங்க அம்மா வளையலையா பாத்துக்கிட்டு இருக்கும்? கரையில நிக்கிற ஆளு ஒருத்தர் விடாம போனைப் போட்டு உசுரை எடுத்துரும். ஒங்க உம்மா நெசமாவே கடலைப் பாத்துச்சா?"

"அது... பாட்டுல வரும்."

"அப்ப மிச்சம்?"

"மிச்சம் எல்லாம் நெசம்."

வாப்பா வழக்கமாக வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்துதான் பேசுவார். அன்று சனிக்கிழமை. கால் மணி நேரத்தில் வீடியோ காலில் வந்துவிட்டார். பின்னால் ஸ்டோரின் இரும்பு அலமாரிகள். வேலை நேரத்தில் அவர் அழைத்ததே இல்லை. ஏக்கம் வேலை செய்துவிட்டது என்று மனதுக்குள் துள்ளினேன்.

"உம்மா தண்ணி நெறையாக் குடிக்குறாளா?" என்றார் வாப்பா.

எனக்குப் புரியவில்லை. எந்தப் பாட்டிலும் தலைவன் இப்படிக் கேட்டதில்லை.

"ராத்திரி எழுந்திரிக்கிறது எதுக்கு? பாத்ரூமுக்கா?"

"ஆமா... தண்ணியும் குடிப்பாக."

"கால்ல புண்ணு கிண்ணு இருக்கா? ஆறாம?"

இருந்தது. செருப்பு கடித்த புண். ரம்ஜானுக்கு முன்பே வந்தது, பெருநாள் முடிந்தும் அப்படியே இருந்தது. "இருக்கு வாப்பா" என்றேன்.

"எங்க ரூம்ல ஒருத்தருக்கு இப்படித்தாம்மா. வாட்ச் கழண்டு கழண்டு விழுந்துச்சு. வேலை ஜாஸ்தி, அதான் எளைச்சுட்டேன்னு சிரிச்சுக்கிட்டே இருந்தாரு. கடைசியில கால் விரலை எடுத்தாக. நாளைக்கே வெறும் வயித்துல உம்மாவைக் கூட்டிட்டுப் போயி ரத்தம் கொடு. லேப்பு பூட்டியிருந்தா தொறந்திருக்கிற எடத்துக்குப் போ. என்ன?"

போனை வைத்தபோது உம்மா அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தார். என் வாய்ஸ் மெசேஜை வாப்பா அவருக்கே திருப்பி அனுப்பியிருந்தார். உம்மா அதை முழுதாகக் கேட்டிருந்தார்.

"நான் எப்படி கடலைப் பாத்துக்கிட்டு நின்னேன்?"

"உம்மா..."

"நம்ம கடலுக்கு அங்கிட்டு எலங்கை இருக்கு. ஒங்க வாப்பா போனது திருச்சியில பிளேன் ஏறி, துபாய்க்கு. அது இந்தப் பக்கம். பாக்குறதா இருந்தா நான் பஸ் ஸ்டாண்டைப் பாத்துல்ல நிக்கணும்? காலேஜ்ல இதுதான் சொல்லித் தர்றாகளா?"

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது எனக்கு. உம்மா சிரிக்கவில்லை. அவர் கோபம் கடலைப் பற்றியது அல்ல. இதைப் பிறகு இரண்டு நாள் விசாரித்துத்தான் தெரிந்துகொண்டேன். வாப்பாவுக்குக் கவலை கொடுத்துவிட்டோமே என்பதுதான் கோபம். மெலிந்ததையும், புண் ஆறாததையும், நாக்கு வறண்டு போவதையும் அவர் எல்லோருக்கும் முன்பே கவனித்திருந்தார். கவனித்து, ரப்பர் பேண்டு போட்டு மறைத்திருந்தார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கீழக்கரையில் லேப் பூட்டியிருந்தது. ராமநாதபுரத்துக்கு பஸ்ஸில் போனோம். வழியெல்லாம் உம்மா ஜன்னல் பக்கம் திரும்பி துஆ ஓதிக்கொண்டே வந்தார். நான் அவர் கையைப் பிடித்திருந்தேன். என் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் அவர் மணிக்கட்டைச் சுற்றி வந்து ஒன்றையொன்று தொட்டன. மூன்று வருடமாக நான் அந்தக் கையிலிருந்து சாப்பாட்டு டப்பா வாங்கிக்கொண்டு கல்லூரிக்கு ஓடியிருக்கிறேன்.

இல்லை, இரண்டு வருடம்தான். அன்றைக்கு எல்லாமே நீளமாகத் தெரிந்தது.

சர்க்கரை. அதுவும் நிறைய. டாக்டரம்மா காலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இப்பவாவது வந்தீங்களே. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா இந்தக் காலைப் பத்தி வேற மாதிரி பேசிக்கிட்டு இருந்திருப்போம்" என்றார். யார் கண்டுபிடித்தது என்று கேட்டார். உம்மா என்னைக் கைகாட்டினார். "இவதான். பாட்டுல படிச்சாளாம்."

டாக்டரம்மா விளங்காமல் பார்த்தார். நான் விளக்கவில்லை. என்னவென்று விளக்குவது? நான் படித்த பாடத்தைத் தப்பாகப் பொருத்தினேன், அது சரியான இடத்தில் போய் நின்றது என்றா?

இப்போது மூன்று மாதம் ஆகிறது. புண் ஆறிவிட்டது. வளையல் இன்னும் கொஞ்சம் தளர்வுதான், ஆனால் ரப்பர் பேண்டு இல்லை. தொதல் இப்போதும் கிண்டுகிறார், ருசி மட்டும் நான் பார்க்க வேண்டும். இனிப்பு சரியா, பதம் சரியா என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்தப் பாட்டுகளுக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். திருப்பாலைக்குடிக்காரி கேட்பாள், "ஏன்டி, கண்டுபிடிச்சது ஒங்க வாப்பா, பாட்டுக்கு எதுக்கு நன்றி?" என்று. வாப்பாவுக்கு எட்டும்படி அதைச் சொன்னது யார்? ஏங்கினாள் என்று மட்டும் பாடிவிட்டுப் போயிருந்தால் நானும் வாப்பாவிடம் அதைத்தான் சொல்லியிருப்பேன். அவரும் "துஆ செய்ம்மா" என்று வைத்திருப்பார். பாடியவர்கள் வளையலைப் பார்த்தார்கள், தூக்கத்தைப் பார்த்தார்கள், ஒரு பெண்ணின் மணிக்கட்டை இவ்வளவு அருகே போய்ப் பார்க்கலாம் என்று எனக்குக் காட்டினார்கள். காரணத்தைத்தான் நான் அவசரப்பட்டு முடிவு செய்தேன். அது என் குற்றம், அவர்களுடையது அல்ல. கடலைச் சேர்த்ததும் நான்தான்.

ஆனால் காரணம் முழுக்கத் தப்பா என்றும் இப்போது தெரியவில்லை. போன வாரம் மாத்திரையை விழுங்கிவிட்டு உம்மா தானாகவே சொன்னார்: "அவுக இங்கன இருந்திருந்தா அன்னைக்கே திட்டி ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போயிருப்பாக." அவ்வளவுதான். எழுந்து போய்த் தம்ளரைக் கழுவ ஆரம்பித்தார். நான் இதை வாய்ஸ் மெசேஜில் அனுப்பவில்லை. எல்லாவற்றையும் அனுப்பிவிடுவது நல்ல தோழிக்கு அழகில்லை என்றும் படித்துக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு இப்போது வேறொரு கவலை. நான் இதுவரை படித்த பாட்டுகளில் வீட்டில் இருப்பவளின் மெலிவைப் பார்க்க ஒரு தோழி இருக்கிறாள். பொருள் தேடிப் போனவன் மெலிந்தானா என்று யார் பார்த்தார்கள்? வாப்பா போனை எப்போதும் முகத்துக்கு நேராகவே பிடிக்கிறார். எப்படி இருக்கீங்க என்றால், "எனக்கென்னம்மா, நல்லா இருக்கேன், அல்ஹம்துலில்லாஹ்" என்கிறார். உம்மாவும் அப்படித்தானே சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்த வெள்ளிக்கிழமை அவர் அழைக்கும்போது, போனை எங்காவது சாய்த்து வைத்துவிட்டு எழுந்து நிற்கச் சொல்லப் போகிறேன். வாட்ச் கட்டிய கையைக் கீழே தொங்கவிடச் சொல்வேன். வாட்ச் எதுவரை இறங்குகிறது என்று பார்க்க வேண்டும்.